அரை அங்குலம்

காரிகீன், மக்ரூம் வழி,
கார்க்.
18 ஏப்ரல் 1920, ஞாயிறு

அன்புள்ள கார்னி,

நானும் அம்மாவும் நலம். சிவப்பு மாடு மட்டும் இரண்டு நாளாக முரண்டு பிடிக்கிறது. அதற்கு உன் குணம்.

நீ ஈஸ்டருக்கு எழுதியது வந்தது. பிரித்துப் படித்து, ஊதா மையில் ஒரு முத்திரை குத்தி, திரும்ப ஒட்டி அனுப்பியிருந்தார்கள். நம் ஊர்ப் பையன்கள் இப்போது தபால் வண்டியை மறித்துப் பையோடு வாங்கிக்கொள்கிறார்கள். போலீஸ்காரன் வீட்டுக்கு எழுதுவதையெல்லாம் படித்துப் பார்த்துவிட்டு ஒரு வாரம் கழித்து விடுகிறார்கள். சுதந்திரத்துக்காகச் சண்டை போடுகிறவர்களுக்கு உன் பல்வலி எதற்குப் பயன்படும் என்று எனக்குத் தெரியவில்லை. படித்துப் பயனடையட்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த அக்டோபர் ஏழாம் தேதி வீட்டுப் பூசை நம் முறை. பதினாலு வீட்டில் வருடத்துக்கு இரண்டு என்று சுற்றி ஏழு வருடம் கழித்து நம் வாசலுக்கு வருகிறது. போன தடவை அப்பா இருந்தார். சுவருக்கு வெள்ளையடித்து, சமையற்கட்டு மேசையைப் பீடமாக்கி, ஊரே வந்து முழங்காலிட்டு, பூசை முடிந்ததும் பாதர் வீட்டுத் தலைவர்கள் பெயரை ஒவ்வொன்றாக வாசிக்க, 'இருக்கேன் பாதர்' என்று அவரவர் சொல்ல, பிறகு எல்லாரும் உட்கார்ந்து சாப்பிட்டது உனக்கு மறந்திருக்காது. நம் பெயர் அந்தப் பட்டியலில் இன்னும் 'கார்னீலியஸ் டூமி' என்றே இருக்கிறது. அப்பா போனதும் பாதர் குவின்லன் அடித்து எழுதவில்லை, மகனுக்கும் அதே பெயர்தானே என்று விட்டுவிட்டார். நீ ஊரில் இல்லாததால் மற்ற வீட்டுப் பூசைகளில் அம்மாதான் பதில் சொல்கிறாள்.

அக்டோபருக்கு யார் வருவார்கள் என்பதுதான் என் கவலை. போன செவ்வாய் நமக்கு, ஊரார் கூடி வந்து அடுப்புக்கு எரிமண் வெட்டித் தரும் நாள். பன்னிரண்டு பேருக்கு உருளைக்கிழங்கும் பன்றிக்கறியும் வேகவைத்து வைத்திருந்தோம். சதுப்பு நிலத்துக்கு ஒருவர்கூட வரவில்லை. பத்து மணிக்கு ஜெரமையா கெல்லஹர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நம் வேலி ஓரமாகவே ஹார்ட்னெட் வீட்டு வேலைக்குப் போனான். என்னைப் பார்த்தும் வானத்தைப் பார்த்தான். "மழை வரும்னு நெனச்சிருப்பாங்கடி" என்றாள் அம்மா. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. வெந்த கிழங்கை நான்கு நாள் பன்றிக்குப் போட்டேன்.

ஆங்கிலேய அரசாங்கத்துக்கு வேலை பார்க்கும் போலீஸ்காரன் வீட்டோடு யாரும் புழங்கக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறார்கள். அம்மாவுக்கு நான் சொல்லவில்லை. நீ அந்த வேலையை விட்டு வெளியே வந்துவிடு, கார்னி. மகனுக்காக அம்மா காலி வீட்டில் பூசை பார்க்க வேண்டாம்.

உன் அக்கா,
ஆபி

---

காவல் நிலையம், டெர்ரிமோர்,
மேயோ.
2 மே 1920

அன்புள்ள அக்கா,

கிழங்கு வீணானதைப் படித்து எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது. எங்களுக்கு இங்கே மூன்று வாரமாகக் கிழங்கு கிடையாது. கடைக்காரர் எங்களைக் கண்டதும் தராசைத் துடைக்க ஆரம்பிக்கிறார். நாங்கள் கிளம்பும்வரை துடைக்கிறார். துணி துவைத்துக் கொடுத்த அம்மாள் நின்றுவிட்டார். ஆறு ஆண்பிள்ளைகள் துவைத்த சட்டைகளைப் பார்த்தால் நீ பையன்களின் பக்கம் சேர்ந்துவிடுவாய்.

போன ஞாயிறு கோவிலில் நான் உட்கார்ந்ததும் அந்த வரிசை முழுக்க எழுந்து வேறு இடத்துக்குப் போனது. ஒரு கிழவி மட்டும் அசையவில்லை. மனசு நிறைந்துபோயிற்று. பிரசங்கம் முடிந்ததும் விழித்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவளும் எழுந்து போய்விட்டாள்.

வெளியே வா என்கிறாய். ஒன்பது வருடத்தில் நான் பிடித்தது விளக்கில்லாத சைக்கிள்களும் ஒரு பன்றியும்தான். யாரையும் கை நீட்டி அடித்ததில்லை. விரட்டுகிறார்கள் என்று ஓடினால் தப்பு செய்தவன் ஓடியது போல இருக்கும். எங்கள் சார்ஜண்ட் பிராடிகனுக்கு ஐந்து குழந்தைகள், எல்லாம் நிலையத்து மாடியில்தான் தூங்குகின்றன. அவரை விட்டுவிட்டு வர மனசு வரவில்லை. இன்னொன்றும் உண்டு, உன்னிடம் மறைப்பானேன். இந்தச் சீருடைக் கோட்டைக் கழற்றினால் நான் யார் என்று எனக்கே தெரியாது. இருபது வயதில் போட்டது.

ஜெரமையா வானத்தைப் பார்த்தானா? அவனுக்கு ஞாபகப்படுத்து. போலீஸில் சேர நாங்கள் இரண்டு பேரும்தான் மக்ரூமுக்குப் போனோம். ஐந்தடி ஒன்பது அங்குலம் வேண்டும். காலையில் எழுந்ததும் ஆள் நீளமாக இருப்பான், நடக்க நடக்கச் சுருங்கிவிடுவான் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அவனை வண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்தே எட்டு மைலும் ஓட்டிப்போனேன். "நான் நீளமா இருக்கேனா பாருடா" என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். அளக்கிற இடத்துக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். அப்படியும் அரை அங்குலம் குறைந்தது. திரும்பி வரும்போது உட்கார்ந்துதான் வந்தான். அந்த அரை அங்குலம் அவனுக்கு இருந்து எனக்குக் குறைந்திருந்தால் இன்று நம் வீட்டுக்கு எரிமண் வெட்ட ஆள் வந்திருக்கும், கெல்லஹர் வீட்டுக்கு வந்திருக்காது.

அக்டோபருக்கு இன்னும் நாள் இருக்கிறது. யோசிக்கிறேன்.

உன் தம்பி,
கார்னி

---

காரிகீன்.
11 ஜூலை 1920, ஞாயிறு

அன்புள்ள கார்னி,

நீ யோசித்து முடிப்பதற்குள் புல் முற்றிவிட்டது. நானும் அம்மாவுமே அறுத்தோம். அவள் அறுபத்திரண்டு வயதில் அரிவாள் பிடித்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பார்க்காததும் நல்லதுதான்.

அவளுக்குத் தெரிந்துவிட்டது. போன ஞாயிறு கோவில் வாசலில் ஹார்ட்னெட் அம்மாள் நின்றார். நாற்பது வருடப் பழக்கம், நீயும் நானும் பிறந்தபோது பிள்ளைப்பேறு பார்த்தவர். அம்மா வழக்கம்போலக் கையை நீட்டினாள். அவர் தன் கையைச் சால்வைக்குள் வைத்துக்கொண்டு நடந்தார். அம்மா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "கையில எதாச்சும் ஒட்டியிருக்காடி?" என்று என்னிடம் கேட்டாள். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. வழியில் எல்லாவற்றையும் சொன்னேன்.

அம்மா வீட்டுக்கு வந்ததும் நீ சீருடையில் நிற்கும் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தாள். கிழித்துவிடுவாள் என்று பயந்தேன். பூசைக்கு விரிக்கும் நல்ல மேசைத்துணிகளுக்கு அடியில், முகம் கீழே இருக்கும்படி வைத்தாள். அன்றிலிருந்து உன் பெயரை எடுப்பதில்லை. 'அவன்' என்றுகூடச் சொல்வதில்லை.

உன்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதை எழுதாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. நீ யாரையும் அடிக்கவில்லை, சரி. அம்மாவின் கை வெறுமையாகத் திரும்பி வந்ததே, அது அடி இல்லையா? உன் சார்ஜண்டின் ஐந்து குழந்தைகள்மேல் இருக்கிற இரக்கம் பெற்றவள்மேல் இல்லையா? பூசைக்குள் வந்துவிடு. அதற்குள் நீ வராவிட்டால், அந்தப் பெயரை அடித்துவிடுங்கள் என்று பாதரிடம் அம்மாவே சொல்லப் போகிறாளாம்.

அடுத்த பத்தி உனக்கு இல்லை. இதைப் பிரித்துப் படிக்கும் ஜெரமையா கெல்லஹர் அவர்களுக்கு: நீர்தான் இந்தப் பகுதிப் பையன்களுக்குத் தலைவர் என்று ஊருக்கே தெரியும், எனக்கும் தெரியும். கிணற்றடியில் என்னைக் கண்டால் குடத்தை நிரப்பாமலே திரும்புகிறீர். ஒரு காலத்தில் நிரம்பிய குடத்தைக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்ப நின்றவர் நீர். உங்கள் சுதந்திரம் வந்தபின் கிணற்றில் வேறு தண்ணீர் ஊறுமா என்று விசாரித்துச் சொல்லவும். கடிதத்தை ஒழுங்காக ஒட்டி அனுப்பவும். போன தடவை ஓரம் கிழிந்திருந்தது.

ஆபி

---

டெர்ரிமோர்.
2 செப்டம்பர் 1920

அன்புள்ள அக்கா,

நேற்றுக் காலை ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டேன். முதலில் இதைச் சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாக எழுதலாம்.

போன மாதம் எங்களுக்குத் துணை என்று அரசாங்கம் அனுப்பிய புது ஆட்கள் இங்கே லாரிகளில் வந்து இறங்கினார்கள். கடல் தாண்டி வந்தவர்கள், இந்த ஊர் வடக்கு தெற்கு தெரியாதவர்கள். வழி காட்ட என்னை முன்னால் உட்கார வைத்தார்கள். வருடா வருடம் அரசாங்கக் கணக்குக்காக ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை கோழி, எத்தனை மாடு என்று எழுதப் போவது எங்கள் வேலை. அதனால் எந்தச் சந்தில் எந்த வீடு, எந்தக் கதவு உள்ளே திறக்கும், எந்த நாய் கடிக்கும் என்று எனக்கு அத்துப்படி. கையில் பிடிக்க வேண்டிய பையன்களின் பெயர்ச் சீட்டை வைத்துக்கொண்டு "இது யார் வீடு, அது யார் வீடு" என்று கேட்டார்கள். ஒரு வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றாள். போன வருடம் கோழி எண்ணப் போனபோது எனக்கு மோர் கொடுத்தவள். என்னை அடையாளம் கண்டு, கோழி எண்ணத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்து, சிரித்தாள்.

"தெரியாது" என்றேன். "இந்தப் பக்கம் எனக்குப் பழக்கமில்லை" என்றேன். வண்டி போய்விட்டது. அன்று போய்விட்டது. அடுத்த தடவை என்ன சொல்வது? ஒன்பது வருடம் கோழி எண்ணியது இதற்காகத்தானா என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

சார்ஜண்டிடம் தாளைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். "எனக்கும் ஆசைதான்ப்பா. அஞ்சு வயிறு இருக்கே" என்றார். கை கொடுத்தார்.

ஒரு மாத நோட்டீஸ். அக்டோபர் ஒன்றாம் தேதி கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டால் ஐந்தாம் தேதி ஊரில் இருக்கலாம், பூசைக்கு இரண்டு நாள் முன்பு. ஆனால் கேட்காமல் வர மாட்டேன். விலகி வந்தவனை அரசாங்கத்தார் துரோகி என்கிறார்கள், பையன்கள் உளவாளி என்கிறார்கள். நான் இருக்கும் வீட்டுக் கதவை இரண்டு பக்கத்தாரும் தட்டலாம். உனக்கும் அம்மாவுக்கும் அந்தத் தொல்லை வேண்டாம் என்று தோன்றினால் நான் தப்பாக நினைக்க மாட்டேன். 'வா' என்று ஒரு வரி எழுது. அது போதும்.

இதை யார் பிரித்துப் படித்தாலும் பரவாயில்லை.

கார்னி

---

காரிகீன்.
21 செப்டம்பர் 1920

கார்னிக்கு,

உன் முடிவு எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பூசை அக்டோபர் ஏழு, வியாழக்கிழமை. அன்று நீ இந்தப் பக்கம் வர வேண்டாம். அதற்குப் பிறகும் வர வேண்டாம். அம்மா எழுதச் சொன்னது இவ்வளவுதான்.

பரணில் இருந்த உன் சாமான்களைப் பெட்டியில் கட்டி வைத்திருக்கிறேன். முகவரி கொடுத்தால் அனுப்புகிறேன்.

அ. டூமி

---

டெர்ரிமோர்.
4 அக்டோபர் 1920

அக்கா,

உன் கடிதம் கிடைத்தது. ஒரு வரி கேட்டேன், ஏழெட்டு வரி எழுதியிருக்கிறாய்.

நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்று எழுதியது நான்தான், அதனால் குறை சொல்ல வாயில்லை. பயப்படுவது நியாயம். ஆனால் ஒன்று கேட்கலாமா? ஏப்ரலில் 'வெளியே வா' என்று எழுதியதும் நீ. ஜூலையில் 'பூசைக்குள் வா' என்று எழுதியதும் நீ. வந்தேன். வந்தவனைப் பெட்டி கட்டி அனுப்புகிறாய். கையெழுத்தையாவது 'அக்கா' என்று போட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை சீருடைக் கோட்டை ஒப்படைத்தேன். சார்ஜண்ட் மனைவி தன் தம்பியுடைய பழைய சட்டை ஒன்று கொடுத்தார். கை குட்டை. கடைக்குப் போனேன். கடைக்காரர் தராசைத் துடைக்கவில்லை, கிழங்கு போட்டுக் கொடுத்தார், "நல்ல காரியம் பண்ணீங்க தம்பி" என்றார். அன்னியர் ஒருவர் சொன்னார்.

குவீன்ஸ்டவுனிலிருந்து பதினேழாம் தேதி பாஸ்டனுக்குக் கப்பல். அதுவரை துறைமுகத் தெருவில் திருமதி கோகன் விடுதியில் இருப்பேன். பெட்டியை அங்கே அனுப்பு. பெரிதாக ஒன்றும் வேண்டாம், அப்பாவின் கம்பளிக் கோட்டு மட்டும் போதும். அம்மாவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

கார்னி

---

காரிகீன்.
8 அக்டோபர் 1920, வெள்ளி

என் கண்ணே கார்னி,

இதைப் படிக்கும்வரை எந்தக் கப்பலிலும் ஏறாதே.

நீ ராஜினாமா செய்ததாக எழுதிய கடிதம் என் கைக்கு நேற்றுத்தான் வந்தது. நேற்று, பூசை முடிந்தபின். ஐந்து வாரம் அது ஜெரமையா கெல்லஹரின் சட்டைப்பைக்குள் இருந்திருக்கிறது. நான் அந்தக் கேடுகெட்ட ஏழெட்டு வரியை எழுதியபோது எனக்கு ஒன்றும் தெரியாது. ஆகஸ்ட் போய் செப்டம்பரும் போகிறது, உன்னிடமிருந்து ஒரு எழுத்து இல்லை. அதைத்தான் உன் முடிவு என்று எழுதினேன். பிரித்த கடிதமும் ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று பழகியிருந்தோம், ஒன்று வராமலே போகும் என்று எனக்கும் தோன்றவில்லை, உனக்கும் தோன்றவில்லை. நீ நான்காம் தேதி எழுதியது இன்று காலை வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். மாடு கறக்கவில்லை. கத்தட்டும்.

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

பூசைக்கு உண்டான பித்தளை மெழுகுவர்த்திக் கால்கள் ஊருக்குப் பொது. முந்தின வீட்டார் அடுத்த வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுக்க வேண்டும். முந்தின வீடு கெல்லஹர் வீடு. புதன்கிழமை விடிந்து பார்த்தால் நம் வேலிச் சுவர்மேல் சாக்குப்பையில் இருந்தன. ஜெரமையா துலக்கி வைத்திருந்தான், அதைச் சொல்ல வேண்டும். ஆனால் கதவைத் தட்டவில்லை. பூசை எப்படி நடக்கப் போகிறது என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

ஆனாலும் முப்பது பேருக்கு ரொட்டி சுட்டோம். அம்மாதான் அளவு சொன்னாள். "யாரும் வர மாட்டாங்கம்மா" என்றேன். "வர்றது வராதது அவங்க இஷ்டம். சுடுறது நம்ம வேலை" என்றாள்.

வியாழன் காலை மழை. எட்டு மணிக்கு பாதர் குவின்லன் வந்தார். அவருக்குப் பின்னால் ஊரும் வந்தது, கார்னி. எல்லா வீடும் வந்தது. பூசையை விடுவது பாவம், போலீஸ்காரன் வீட்டுக்குள் நுழைவது கட்டுப்பாட்டை மீறுவது, இரண்டுக்கும் நடுவில் என்ன செய்வார்கள்? முற்றத்தில் நின்றார்கள். வாசற்படிக்கு இரண்டு முழம் தள்ளி, கொட்டுகிற மழையில், ஆணும் பெண்ணும் கைக்குழந்தையுமாக. உள்ளே கணப்பும் வெள்ளையடித்த சுவரும் நாங்கள் இரண்டு பேரும்.

பாதர் வாசலில் நின்று பார்த்தார். "மழை பெய்யுது. உள்ளே இடம் இருக்கு" என்றார். ஒருவரும் அசையவில்லை. "சரி, கதவைச் சாத்தாதே ஆபி" என்றார். ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டிக் கொட்டகையில் போட்டு அங்கேயே ஒவ்வொருவராக வந்து தன் பாவத்தைச் சொல்ல, பாவசங்கீர்த்தனம் கேட்டார். பூசையைத் திறந்த கதவு வழியாகவே பார்த்தார்கள். சேற்றில் முழங்காலிட்டார்கள். நன்மை அப்பம் வாங்க மட்டும் வாசற்படிவரை வந்து, தலையை உள்ளே நீட்டி வாங்கிக்கொண்டு, பின்னாலேயே போனார்கள். நன்மை வாங்குவதற்காக முந்தின நள்ளிரவிலிருந்து ஒருவரும் தண்ணீர்கூடக் குடிக்காதவர்கள். ரொட்டி வாசனை முற்றம் வரைக்கும் போயிருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் திருப்தி. அதையும் கொட்டகையில் பாதரிடம் பாவமாகச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

பூசை முடிந்தது. பாதர் பட்டியலை எடுத்து வாசித்தார். "ஜான் ஹார்ட்னெட்?" மழைக்குள்ளிருந்து, "இருக்கேன் பாதர்." "டெனிஸ் லிஹேன்?" "இருக்கேன் பாதர்." நம் பெயர் கடைசிக்கு முந்தினது. "கார்னீலியஸ் டூமி?"

அம்மா வாயைத் திறக்கவில்லை. ஜெபமாலையைப் பார்த்தபடி இருந்தாள். பெயரை அடித்துவிடுங்கள் என்று சொல்லப் போகிறாள் என்று எனக்குத் தெரியும். பாதர் கண்ணாடிக்கு மேலாக அவளைப் பார்த்தார். மறுபடி கேட்டார். "கார்னீலியஸ் டூமி?"

"வந்துக்கிட்டிருக்கான் பாதர்."

முற்றத்திலிருந்து வந்த குரல். ஜெரமையா. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான், முகத்தில் தண்ணீர் வழிந்தது.

"வந்துக்கிட்டிருக்கானா? எங்கேருந்து?" என்றார் பாதர்.

"மேயோலேருந்து பாதர். கோட்டக் கழட்டிட்டான். எழுதிக் குடுத்து அஞ்சு வாரமாச்சு. அந்தப் பக்கத்துப் பசங்ககிட்ட விசாரிச்சாச்சு, நெசந்தான். நேத்துத்தான் பதில் வந்துச்சு."

அம்மா எழுந்தாள். மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போய் அவனை மேலும் கீழும் பார்த்தாள். நான் அறைந்துவிடுவாள் என்று நினைத்தேன், ஆசைப்பட்டேன் என்றே வைத்துக்கொள்.

"நனைஞ்சுட்டே நிக்கிறியே. உள்ள வா. குனிஞ்சு வா, நெலை இடிக்கும்" என்றாள்.

"எனக்கு இடிக்காது அத்தை. அதான் போலீசே என்னை வேணாம்னுச்சே" என்றான்.

காலைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, மேசை முன்னால் உட்கார்ந்து, முட்டையை உடைத்தான். அவன் சாப்பிடத் தொடங்கியதும் மற்றவர்களும் வந்தார்கள். முப்பது பேருக்குச் சுட்ட ரொட்டி போதவில்லை. ஹார்ட்னெட் அம்மாள் கடைசியாக வந்தார். அம்மா அவரிடம் கையை நீட்டவில்லை. ஒரு கோப்பைத் தேநீரை நீட்டினாள், அதை வாங்க அவர் இரண்டு கையையும் சால்வைக்கு வெளியே எடுக்க வேண்டியிருந்தது.

எல்லாரும் போனபின் அவன் கடிதத்தை எடுத்துக் கொடுத்தான். நான் கேட்கவேண்டியதைக் கேட்டேன். "விசாரிக்காம எப்படி நம்புறது ஆபி? போலீஸ்காரங்க பொய்யா விலகி ஊருக்குள்ள வர்றாங்க. அவன் அப்படி வந்தா அவனுக்கு என்ன நடக்கும்னு ஒனக்குத் தெரியாது" என்றான். "எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்" என்றேன். தரையைப் பார்த்தான். "சொல்லியிருக்கணும்" என்றான். பிறகு, "அந்த அரை அங்குலம் எனக்கு இருந்து அவனுக்குக் கொறஞ்சிருந்தா அவன் முற்றத்துல நின்னுருப்பான், என் பேரு வாசிச்சிருப்பாங்க. அஞ்சு வாரமா அதான் நெனப்பு" என்றான். அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. மாதக் கணக்கில் மன்னிக்காமல் இருக்க உத்தேசம். அதை அவனிடமே சொன்னேன். தினமும் கிணற்றடிக்கு வந்து விசாரிப்பதாகச் சொல்கிறான்.

ஒன்றை மறைக்க விரும்பவில்லை. துப்பாக்கி பிடிக்கத் தெரிந்தவன் வருகிறான் என்று இப்போதே பையன்கள் கண்ணில் வெளிச்சம் தெரிகிறது. லாரிகள் மக்ரூமுக்கும் வந்துவிட்டன. அவற்றில் இருப்பவர்களுக்கு நீயும் ஜெரமையாவும் ஒன்றுதான். வந்தால் நிம்மதியாக இருப்பாய் என்று என்னால் எழுதித் தர முடியாது. பாஸ்டனில் நிம்மதியாக இருக்கலாம். இரண்டையும் சொல்லிவிட்டேன்.

நீ ஒரு வரி கேட்டாய். அம்மாவை எழுதச் சொன்னேன். அவளுக்கு எழுத வராதே என்பாய். நான் தாளில் எழுதிக் காட்ட, பார்த்துப் பார்த்து அவளே போட்டாள். கீழே கோணலாக இருப்பது அவள் கை.

உன் அக்கா,
அக்கா,
ஆபி

வா

---

துறைமுகத் தெரு, குவீன்ஸ்டவுன்.
12 அக்டோபர் 1920

அன்புள்ள அக்கா,

அம்மாவின் எழுத்தில் 'வ' தலைகீழாக இருக்கிறது. முதலில் என்னவென்று புரியவில்லை. புரிந்தபின் திருமதி கோகன் வந்து, "ஒடம்புக்கு முடியலையா தம்பி?" என்று கேட்கும்படி ஆகிவிட்டது.

கப்பல் சீட்டை விடுதியில் இருந்த ஒரு லிமெரிக் ஊர்க்காரனிடம் கொடுத்துவிட்டேன். அவனுக்கும் போகக் காரணம் இருந்தது. கேட்கவில்லை.

ஜெரமையாவிடம் ஒன்றை இப்போதே சொல்லிவிடு, அல்லது அவன்தான் இதைப் பிரிப்பான் என்றால் அவனே படித்துக்கொள்ளட்டும். நான் எரிமண் வெட்டுவேன், புல் அறுப்பேன், யார் வீட்டுக்கு வேண்டுமானாலும். யார் வீட்டையும் யாருக்கும் காட்ட மாட்டேன், அங்கே காட்டாததை இங்கேயும் காட்ட மாட்டேன். துப்பாக்கி சொல்லிக்கொடுக்க மாட்டேன். இது அவனுக்குச் சம்மதம் இல்லையென்றால் ரயிலடிக்கு வர வேண்டாம், நான் புரிந்துகொள்வேன்.

சம்மதம் என்றால் வெள்ளிக்கிழமை மதிய ரயிலுக்கு மக்ரூமுக்கு வண்டி கொண்டுவரச் சொல். மக்ரூமில் என் முகம் தெரிந்த போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள், சாலையில் லாரிகளும் இருக்கின்றன. உட்கார்ந்து வர முடியாது. அடியில் வைக்கோல் போட்டு, மேலேயும் போட்டு மூடச் சொல். எட்டு மைலும் படுத்துத்தான் வர வேண்டும்.

வழியில் நான் ஒன்று கேட்பேன், அவன் பதில் சொல்லியாக வேண்டும் என்று சொல். ஒன்பது வருடத்துக்கு முன்பு வைக்கோலில் படுத்தபடி அவன் என்னைக் கேட்டுக்கொண்டே வந்தான். இப்போது என் முறை.

உன் தம்பி,
கார்னி